வயலில் நிற்பது எந்தக் கோரை?

களை பறிக்கும்போது கையில் சிக்குவதெல்லாம் பேச்சுக்குக் கோரைதான். ஆனால் கிழங்கில் வரும் கோரைக்கும் விதையில் வரும் கோரைக்கும் வைத்தியம் வேறு. விதையில் வருவதைப் பூக்குமுன் பிடுங்கினால் அந்தச் செடியோடு கணக்கு முடிந்தது. கிழங்கில் வருவதைப் பிடுங்கினால் தழை மட்டும் கையோடு வரும். மண்ணுக்குள் நிற்கும் கிழங்கு சில நாளில் மறுபடி துளிர்விடும். ஊசிக்கோரை, வட்டக்கோரை என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இடம் மாறுவதால் அறிவியல் பெயரையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில், அது புல் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பூத்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால் புல் வழுக்கிக்கொண்டு உருளும், வழியில் கணு தட்டுப்படும். கோரையில் கணு தட்டாது. பெரும்பாலும் விளிம்புகள் விரலில் இடறும். குறுக்கே வெட்டினால் முக்கோணம் தெரியும், உள்ளே பொந்து இராது. விதிவிலக்கு உண்டு: உருண்டைத் தண்டுள்ள கோரைகளும் இருக்கின்றன. அப்போது இலையைப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் கோரை இலைகள் பெரும்பாலும் மூன்று திசையில் பிரியும். புல்லில் இரண்டே திசை.

அடுத்து வேர். செடியை இழுக்காதீர்கள். சுற்றிலும் ஒரு சாண் விட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியால் கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு மண்ணைக் கரையுங்கள். இழுத்தெடுத்த செடியைப் பார்த்துவிட்டு ‘கிழங்கு இல்லை’ என்று முடிவு கட்டுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கிற தவறு.

கம்பிபோன்ற மெல்லிய கொடியில் கருத்த கிழங்குகள் மணிகோத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அது சைப்பிரஸ் ரொட்டுண்டஸ். நறுக்கினால் வாசம் வீசும். நாட்டுமருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று விற்பது இதைத்தான். கதிர் செம்பழுப்பு, இலை நுனி திடீரென்று குறுகும். இதன் பங்காளி சைப்பிரஸ் எஸ்குலெண்டஸ். அதில் கொடியின் முனையில் ஒரே ஒரு கிழங்கு, சங்கிலி கிடையாது. கதிர் வைக்கோல் நிறம், இலை நுனி நீளமாக இழுத்துக்கொண்டே போகும்.

கிழங்கே இல்லை, சல்லிவேர் மட்டும் என்றால் நெல் வயலில் முதலில் மூன்றைச் சந்தேகிக்கலாம். ஃபிம்பிரிஸ்டைலிஸ் மிலியேசியாவைப் பூ இல்லாமலே பிடித்துவிடலாம்: அடியில் இலைகள் இரண்டு வரிசையில், விசிறியை மடித்து வைத்ததுபோல் தட்டையாக நிற்கும். தண்டில் நான்கைந்து விளிம்பு. பூத்தபின் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் செம்பழுப்புச் சிறுகதிர்கள், அதாவது கதிரின் சின்னஞ்சிறு பிரிவுகள், குண்டுமணிபோல் தனித்தனிக் காம்பில் நிற்கும்.

தலைவலி கொடுப்பவை மற்ற இரண்டும்தான்: சைப்பிரஸ் இரியா, சைப்பிரஸ் டிஃபார்மிஸ். முற்றிய செடியில் வித்தியாசம் எட்ட நின்றாலே தெரியும். டிஃபார்மிஸில் சிறுகதிர்கள் நெருங்கி ஒரு சென்டிமீட்டர் வாக்கில் உருண்டையாகத் திரண்டிருக்கும். இரியாவில் ஒரு நடுக்காம்பின் இருபுறமும் தளர்வாக நிற்கும். ஆனால் இரியா பூக்கத் தொடங்கும் நாட்களில் அதுவும் கொத்தாகத்தான் இருக்கும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

அப்போது 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுங்கள். ஒரு சிறுகதிரைக் கறுப்புத் தாளில் வைத்து, அதன்மேல் அடுக்காக மூடியிருக்கும் மெல்லிய செதில்களை அடியிலிருந்து ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். அடிச்செதில்தான் முதலில் முற்றும், விதையும் அங்கேதான் கிடைக்கும். கழற்றிய செதிலை மில்லிமீட்டர் கட்டமுள்ள வரைபடத்தாளில் வையுங்கள். இரியாவின் செதில் ஒரு கட்டத்தைத் தாண்டும். மஞ்சள்பழுப்பு, நடுவில் பச்சைக்கோடு, உள்ளே கிட்டத்தட்ட செதில் நீளத்துக்கே கருத்த விதை. டிஃபார்மிஸின் செதில் கட்டத்துக்குள் அடங்கிவிடும், வட்டவடிவம், பக்கங்களில் கருஞ்சிவப்பு, ஓரம் வெளிறியிருக்கும், விதையும் வெளிர்நிறம்.

சூல்முடியையும், அதாவது பூவில் மகரந்தத்தை ஏற்கும் நூல்போன்ற நுனிகளையும் எண்ணுங்கள். இதுவரை சொன்ன சைப்பிரஸ் எல்லாவற்றிலும் மூன்று, அதனால் விதை முப்பட்டை. இரண்டுதான் என்றால், விதை பருப்புபோல் தட்டையாக இருந்தால், நீங்கள் வேறு செடியைப் பார்க்கிறீர்கள். சூல்முடி உதிர்ந்திருந்தாலும் விதை காட்டிக்கொடுக்கும்.

வரப்பில் இன்னொன்று நிற்கும்: சைப்பிரஸ் கம்ப்ரெஸஸ். அவசரத்தில் ரொட்டுண்டஸ் என்று எழுதிவிடுவார்கள். சிறுகதிர் நன்றாகத் தட்டை, நிறம் பச்சை, செதில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாது, நுனியில் கூர்முள். கிழங்கு இராது.

உயரத்தை நம்பாதீர்கள், உரமும் தண்ணீரும் அதை இஷ்டத்துக்கு மாற்றும். நிறமும் காய்ந்தால் மாறும், ஆகவே பறித்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். செடியைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்திப் பாடம் செய்யும்போது முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். உதிர்ந்த விதைகளைத் தனி உறையில் போட்டு, உலர்ந்த செடியை ஒட்டும் தாளிலேயே ஒட்டிவிடுங்கள்.

இரண்டிலை நாற்றில் கிழங்கு உண்டா இல்லையா என்பதற்கு மேல் தீர்ப்பு சொல்லாதீர்கள். கிழங்கில்லாத நாற்றைச் சேற்றோடு ஒரு டப்பாவில் நட்டு வையுங்கள்; டிஃபார்மிஸ் என்றால் ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். விதை முற்றுமுன் டப்பாவை வயலிலிருந்து தள்ளி வைத்துவிடுங்கள்.