கிராபிக்ஸ் கார்டுடன் ப்ராசஸரையும் மாற்ற வேண்டுமா? பழைய கார்டை வைத்தே கண்டறியும் முறை

புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்க முடிவுசெய்தவுடன், இப்போதிருக்கும் ப்ராசஸர் அதற்கு ஈடுகொடுக்குமா என்ற கேள்வி எழும். இரண்டின் பெயரையும் உள்ளிட்டால் "இத்தனை சதவீதம் பாட்டில்நெக்" (ஒரு பாகம் மற்றொன்றின் வேகத்தைத் தடுப்பது) என்று காட்டும் இணையக் கணிப்பான்களை நான் நம்புவதில்லை. எந்த கேம், எந்த ரெசல்யூஷன் (திரையின் பிக்சல் அளவு) என்பதைப் பொறுத்து தலைகீழாக மாறும் ஒன்றை ஒற்றை எண்ணில் அடக்க முடியாது. பழைய கார்டைக் கழற்றுவதற்கு முன்பே உங்கள் கணினியில் இதை அளந்துவிடலாம்.

எதிரிகளின் நகர்வு, மோதல்கள், எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைகள் ஆகியவற்றை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் ஒவ்வொரு படத்துக்கும்) ப்ராசஸர் தயார்செய்கிறது. கார்டு அதை வரைகிறது. விநாடிக்கு 80 ஃபிரேம்களுக்கு மேல் ப்ராசஸரால் தயார்செய்ய இயலாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கார்டைப் பொருத்தினாலும் அந்த இடத்தில் 80 தான் கிடைக்கும். அந்த உச்சவரம்பைத்தான் நாம் அளக்கப்போகிறோம்.

1. கருவி

எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரையும் அதனுடன் வரும் ரிவாட்யூனரையும் நிறுவி, ஃபிரேம் வேகம், 1% லோ (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்), கார்டின் பயன்பாடு ஆகிய மூன்றும் கேம் திரையிலேயே தெரியும்படி அமையுங்கள். இன்டெலின் பிரசன்ட்மான் இதைவிட நுட்பமானது. ஆனாலும் முதன்முறை அளப்பவருக்கு ஆஃப்டர்பர்னரே போதும் என்பது என் கருத்து.

2. தடைகளை நீக்குதல்

வி-சிங்க் (ஃபிரேம் வேகத்தை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் வசதி), கேமுக்குள் இருக்கும் ஃபிரேம் வரம்பு, கார்டின் டிரைவரில் இருக்கும் வரம்பு ஆகிய மூன்றையும் அணைக்க வேண்டும். 60 ஃபிரேமில் பூட்டப்பட்ட கேமில் கார்டு 50 சதவீதம் மட்டுமே உழைப்பதைப் பார்த்து, ப்ராசஸர்தான் இழுத்துப் பிடிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஃபிரேம் ஜெனரேஷனையும் அணையுங்கள். அது இடையில் செருகும் ஃபிரேம்கள் கணக்கைக் குழப்பும்.

3. அளத்தல்

பலரும் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கூட்டம் நிறைந்த நகரம், பலர் மோதும் போர்க்களம் போன்ற கனமான காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே கேமைச் சேமித்துக்கொள்ளுங்கள். வழக்கமான அமைப்பில் கார்டின் பயன்பாடு 95 முதல் 99 சதவீதம் வரை இருந்தால் கார்டு தன் முழு ஆற்றலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு அதே இடத்தில் ரெசல்யூஷனை மட்டும் குறைத்து, கார்டின் பயன்பாடு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை தொடருங்கள். அப்போது காணும் ஃபிரேம் வேகமே உங்கள் ப்ராசஸரின் உச்சவரம்பு.

"ரெசல்யூஷனை மட்டும்" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒட்டுமொத்த கிராபிக்ஸ் தரத்தையும் "லோ" என்று மாற்றினால் மக்கள் கூட்டமும் தொலைவில் தெரியும் பொருள்களும் நிழல்களும் குறைந்து, ப்ராசஸரின் சுமையும் இறங்கிவிடும். கிடைக்கும் எண் உண்மையைவிட அதிகமாக இருக்கும். திரையின் நீள அகல விகிதத்தையும் மாற்ற வேண்டாம், ஏனெனில் காட்சி அகலும்போது கணக்கிட வேண்டிய பொருள்களும் கூடுகின்றன.

டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் 30 சதவீதம்தான் ஓடுகிறது, எனவே அதில் இடம் மிச்சமிருக்கிறது என்று முடிவுகட்டுவதும் தவறு. 8 கோர், 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத்தொடர்) கொண்ட ப்ராசஸரில் ஒரு த்ரெட் முழுவதுமாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதமே. பல கேம்களில் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு முதன்மை த்ரெட். அதையும் விண்டோஸ் கோருக்குக் கோர் மாற்றிக்கொண்டே இருப்பதால், தனித்தனி கோர்களின் வரைபடத்தில்கூட 100 தெரியாமல் போகலாம். ஆகவே கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள், ப்ராசஸரின் சதவீதத்தை விட்டுவிடுங்கள்.

4. முடிவெடுத்தல்

உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், உச்சவரம்பு 90 என்றால் கார்டு மட்டும் போதும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போட்டி கேம்கள் ஆடுபவருக்கு உச்சவரம்பு 85 என்றால், புதிய கார்டு பெரும்பாலும் சும்மா இருக்கும். 4கே திரையில் 1080பி-யைப் போல 4 மடங்கு பிக்சல்கள் இருப்பதால் கூடுதல் சுமை கார்டின் மீதே விழுகிறது. அதற்கு மாறுபவர்கள் ப்ராசஸரைத் தள்ளிப்போடலாம். ஆனால் டி.எல்.எஸ்.எஸ்.-ஐ (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) "பெர்ஃபார்மன்ஸ்" நிலையில் வைத்தால் 4கே கேமும் உள்ளே 1080பி-யில்தான் வரையப்படும். அப்போது ஃபிரேம் வேகம் உயர்ந்து ப்ராசஸரின் வரம்பு மீண்டும் குறுக்கே வரும். ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் ப்ராசஸருக்கும் வேலை வைப்பது என்பதால், பழைய கார்டில் அந்த வசதி இல்லையென்றால் அளந்த எண்ணிலிருந்து சற்றுக் கழித்துக்கொள்ளுங்கள்.

ப்ராசஸர் போதாது என்று தெரிந்தாலும் உடனே வாங்கிவிட வேண்டாம். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்.எம்.பி. (ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயக்கப்படாவிட்டால் 3200 வேகத்துக்கான டி.டி.ஆர்.4 ரேம் 2133, 2400 போன்ற வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். ஒற்றை ரேம் ஸ்டிக் மட்டும் இருந்தாலும் ப்ராசஸர் திணறும். இவற்றைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளந்தால், குறிப்பாக 1% லோ, பல கணினிகளில் கண்கூடாக உயரும்.

அதற்குப் பிறகும் போதாவிட்டால் மதர்போர்டைப் பாருங்கள். அது ஏ.எம்.டி. ப்ராசஸர்களுக்கான ஏ.எம்.4 சாக்கெட் என்றால், 2022-இல் வந்த, 96 எம்.பி. எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி கிடைத்தால் நான் வேறெதையும் யோசிக்க மாட்டேன். பழைய ப்ராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். அதற்கடுத்த ஏ.எம்.5-க்கு மாறுவதென்றால் டி.டி.ஆர்.5 ரேம், மதர்போர்டு, ப்ராசஸர் என மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். அந்த நிலையில் முதலில் கார்டை மட்டும் வாங்கி, அது எந்த அளவுக்குச் சும்மா இருக்கிறது என்று பார்த்தபின் மற்றதைத் தீர்மானிப்பதே நல்லது.

பின்னர் சேர்த்தது: உச்சவரம்பு எந்தக் கார்டுக்கும் ஒன்றாகவே இருக்குமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முற்றிலும் அப்படியல்ல. கார்டின் டிரைவரும் ப்ராசஸரில்தான் ஓடுகிறது. அதன் சுமை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். இன்டெலின் கிராபிக்ஸ் கார்டான ஆர்க் பி580, பழைய ப்ராசஸர்களுடன் சேரும்போது சில கேம்களில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வேகம் கொடுப்பது சோதனைகளில் வெளிப்பட்டது. ஆர்க் வாங்குபவர்கள் பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் அணுக உதவுவது) வசதி இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அது இல்லாத மதர்போர்டுக்கு அந்தக் கார்டு ஏற்றதல்ல.