முதல் பேஸ்பால் ஆட்டத்தில் கையால் ஸ்கோர் எழுதுவது எப்படி?

மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்தபோது என் அட்டையின்படி ரன் எடுத்தவர் ஒருவர். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதோ வேறொருவருக்கு. பாஸ்டனுக்குக் குடிவந்த முதல் வருடம், ஃபென்வே பார்க்கில் நான் பார்த்த முதல் ஆட்டம் அது. பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, மடியில் சுருள் நோட்டை வைத்துப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். என் அட்டையை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முதலில் தன் அழிரப்பரை நீட்டினார். அன்று அவர் சொல்லித்தந்ததும், அதன்பிறகு போன ஆட்டங்களில் எனக்கே பிடிபட்டதும்தான் இந்தப் பதிவு.

மூன்று ஸ்ட்ரைக், நான்கு பால், மூன்று அவுட், ஒன்பது இன்னிங்ஸ் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். சிக்கல் அங்கே இல்லை.

படி 1: கையில் என்ன வேண்டும்

பென்சில். பேனா வேண்டவே வேண்டாம். 2பி மரப் பென்சில் இரண்டு, மென்மையான அழிரப்பர் ஒன்று, அட்டை மடங்காமல் இருக்க அடியில் ஒரு பரீட்சை அட்டை. இவ்வளவு போதும். இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. இரண்டு போட்டுப் பார்த்து இரண்டையும் எடுத்துவிட்டேன். திரையில் எந்தப் பொத்தான் என்று தேடுகிற நேரத்தில் பந்து எங்கே போனது என்பது தெரியாமல் போகிறது. ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கத்தானே எழுதுகிறோம்?

ஸ்கோர் அட்டை மைதானத்திலேயே விற்கும். நான் வீட்டிலேயே இரண்டு தாள் அச்சிட்டுக்கொண்டு போகிறேன், அணிக்கு ஒன்று. வாங்கும்போதோ அச்சிடும்போதோ ஒன்றை மட்டும் பாருங்கள்: கட்டம் பெரிதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் சின்னச் சாய்சதுரம் வரைந்திருக்க வேண்டும். அந்தச் சாய்சதுரம்தான் களம். கீழ் முனை ஹோம் பிளேட், வலது முனை முதல் பேஸ், மேல் முனை இரண்டாம் பேஸ், இடது முனை மூன்றாம் பேஸ்.

படி 2: முன்னதாகப் போய் உட்காருங்கள்

ஃபென்வேக்குப் போகிறவர்கள் கிரீன் லைன் ரயிலில் கென்மோரில் இறங்கி, கூட்டத்தோடு நடந்தால் போதும். டிக்கெட் செல்பேசியில்தான் இருக்கும். வாசலுக்கு வந்து தேடாமல் வீட்டிலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் செப்டம்பரிலும் மாலை ஆட்டம் என்றால் ஒரு தடித்த மேல்சட்டை கட்டாயம். விரல் விறைத்தால் எழுத முடியாது.

இருக்கை எடுக்கும்போது கவனம் வேண்டும். 1912 ஏப்ரல் 20 அன்று திறந்த மைதானம் இது. பெரிய லீக் (மேஜர் லீக்) அணிகள் இன்றும் ஆடுகிற மைதானங்களில் இதுதான் மிகப் பழையது. அதனால் கூரையைத் தாங்கும் தூண்கள் பார்வையாளர் நடுவே நிற்கின்றன. தூணுக்குப் பின்னால் அமர்ந்தால் பிட்சர் (பந்து எறிபவர்) தெரிவார், பேட்டர் தெரியமாட்டார். வலப்பக்கக் கோடியில் சில பகுதிகளில் இருக்கைகள் ஹோம் பிளேட்டைப் பார்க்காமல் நடுக்களத்தைப் பார்த்தே போடப்பட்டிருக்கின்றன. ஆட்டம் முடிவதற்குள் கழுத்து வலிக்கும். எழுத வேண்டும் என்று போகிறவர்களுக்கு என் பரிந்துரை, மூன்றாம் பேஸ் பக்கம், கொஞ்சம் உயரம். அங்கிருந்து நான்கு பேஸும் ஒரே பார்வையில் விழும்.

படி 3: பெயர், சட்டை எண், இட எண்

ஆட்டம் தொடங்கும் முன் பேட்டிங் வரிசை அறிவிப்பார்கள், பெரிய திரையிலும் வரும். ஒன்பது பேரையும் மேலிருந்து கீழாக எழுதுங்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டு எண்கள் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று சட்டை எண். இன்னொன்று அவர் களத்தில் நிற்கிற இடத்தின் எண். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது வெளிக்களம் 7, நடு வெளிக்களம் 8, வலது வெளிக்களம் 9. பேஸ்கள் மூன்றும் வரிசையாக 3, 4, 5 என்று வரும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் மட்டும் அடுத்து 6. அவுட் எழுதும்போது பயன்படுவது இந்த இட எண் மட்டுமே.

2022 முதல் மேஜர் லீக்கின் இரண்டு லீக்குகளிலுமே (அமெரிக்கன், நேஷனல்) பிட்சருக்குப் பதிலாக ஒருவர் பேட்டிங் மட்டும் செய்கிறார். அவருக்கு இட எண் கிடையாது, டிஎச் என்று எழுதுங்கள். பிட்சர்களுக்குத் தாளின் அடியில் தனி இடம் இருக்கும்.

அப்படியானால் சட்டை எண் எதற்கு? சொந்த மைதானத்தில் பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி போடும் வெள்ளைச் சட்டையின் முதுகில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பேஸில் நிற்பவர் யார் என்று தெரிய அந்த எண் ஒன்றே வழி. இதை நான் அன்று எழுதாமல் விட்டதுதான் தவறை ஒரு இன்னிங்ஸ் முழுக்க இழுத்துக்கொண்டு போனது.

படி 4: குறியீடுகள்

தரையோடு உருண்ட பந்தை ஷார்ட்ஸ்டாப் பிடித்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் என்றால் 6-3. நடு வெளிக்களத்தில் கேட்ச் என்றால் எஃப்8. நான்கு பால் வாங்கி நடந்து போனால் பிபி. பந்து உடம்பில் பட்டுப் போனால் எச்பிபி. களத்தில் நிற்பவர் தவறவிட்டால் இ, கூடவே அவர் இட எண்.

மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டானால் கே. பேட்டை வீசாமல் நின்றபடியே மூன்றாவது ஸ்ட்ரைக் வாங்கினால் அந்த எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். இந்தக் கே வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. இதைத் தந்தவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, கிரிக்கெட் செய்தியாளராக எழுதத் தொடங்கியவர். ஆட்டத்தின் கணக்கை அட்டவணையாகச் செய்தித்தாளில் போடும் வழக்கத்தை வளர்த்தவரும் அவரே. எஸ் என்ற எழுத்தைத் தியாக அடிக்கு (தான் அவுட்டாகி, பேஸில் இருப்பவரை முன்னேற்றும் அடி) ஏற்கெனவே வைத்துவிட்டதால், ‘ஸ்ட்ரக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தான கேயை எடுத்துக்கொண்டார். கிரிக்கெட் தெரிந்த ஒருவர் கையால் வந்த முறை என்று அறிந்தபோது, இது எனக்கு அந்நியமான ஆட்டம் இல்லை என்று தோன்றியது.

படி 5: நான் தடுக்கி விழுந்த இடம்

இந்தப் படியை மெதுவாகப் படியுங்கள். முடிந்தால் தாளில் வரைந்துகொண்டே படியுங்கள்.

கிரிக்கெட்டில் ரன் அடித்தவர் பெயரில் ஏறும். நான்கு அடித்தால் அவருக்கு நான்கு. பேஸ்பாலில் ரன், நான்கு பேஸையும் சுற்றி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டவர் பெயரில் ஏறும். அடித்து அவரை வரவழைத்தவருக்கு ஆர்பிஐ என்று தனிக் கணக்கு. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் “இவர் என்ன அடித்தார்” என்று படிக்கக் கூடாது. “இவர் எவ்வளவு தூரம் வந்தார், எங்கே நின்றுபோனார்” என்று படிக்க வேண்டும்.

ஒரு இன்னிங்ஸை எடுத்துக்கொள்வோம்.

முதல் பேட்டர் நான்கு பால் வாங்கி முதல் பேஸுக்கு நடக்கிறார். அவர் கட்டத்தில் பிபி என்று எழுதி, கீழ் முனையிலிருந்து வலது முனைக்குக் கோடு போடுங்கள்.

இரண்டாம் பேட்டர் தரையோடு அடிக்கிறார். ஷார்ட்ஸ்டாப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிகிறார். முதல் பேஸிலிருந்து ஓடிவந்தவர் அவுட். அடித்தவர் அதற்குள் முதல் பேஸுக்குப் போய்விட்டார்.

இங்கேதான் நான் 6-4 என்று இரண்டாம் பேட்டர் கட்டத்தில் எழுதி, அவரை அவுட்டாக்கிவிட்டேன். அவர் அடித்த பந்து, அதில் ஒரு அவுட், ஆகவே அவர் அவுட் என்று மனம் தானாகவே போட்டுக்கொண்டது. உண்மையில் அவுட்டானவர் முதல் பேட்டர். எனவே 6-4 அவர் கட்டத்துக்குப் போக வேண்டும்: முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில் பாதிக் கோடு, அதன் முனையில் சிறு குறுக்குக் கோடு, பக்கத்தில் 6-4, வட்டத்துக்குள் 1, அதாவது முதல் அவுட். இரண்டாம் பேட்டர் கட்டத்தில் எஃப்சி (ஃபீல்டர்ஸ் சாய்ஸ்) என்று எழுதி முதல் பேஸ் வரை கோடு. பந்தைப் பிடித்தவர், ஓடுகிற இருவரில் யாரை அவுட்டாக்குவது என்று தேர்ந்தெடுத்ததால் அந்தப் பெயர்.

மூன்றாம் பேட்டர் இடது பக்கம் கிரீன் மான்ஸ்டர் மேல் அடிக்கிறார். 37 அடிக்கும் மேல் உயரமான பச்சைச் சுவர் அது. வேறு மைதானங்களில் வெளியே போயிருக்கக்கூடிய பந்துகள் இதில் பட்டுத் திரும்பும். அடித்தவர் இரண்டாம் பேஸில், முன்னவர் மூன்றாம் பேஸில். இரண்டு கட்டங்களிலும் கோட்டை நீட்டுங்கள்.

நான்காம் பேட்டர் நடு வெளிக்களத்துக்கு உயரமாக அடித்து கேட்ச் கொடுக்கிறார். பிடித்த பிறகு மூன்றாம் பேஸில் இருந்தவர் ஓடிவந்து ஹோம் பிளேட்டைத் தொடுகிறார். நான்காமவர் கட்டத்தில் எஸ்எஃப்8 (முன்னால் வரும் எஸ், தியாக அடி), வட்டத்துக்குள் 2. ரன் எடுத்தவர் கட்டத்தில் சாய்சதுரத்தை முழுக்கக் கறுப்பாக்குங்கள்.

ஐந்தாம் பேட்டர் கே, வட்டத்துக்குள் 3. முடிந்தது.

கறுப்பாக வேண்டிய கட்டம் இரண்டாம் பேட்டருடையது. என் அட்டையில் முதல் பேட்டருடையது கறுப்பாகியிருந்தது. எனக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுதான். அந்த அம்மா தன் பென்சில் முனையால் என் கட்டத்தைத் தொட்டு, பந்தை யார் அடித்தார் என்று பார்க்காதே, பேஸில் இப்போது நிற்பவர் சட்டையில் என்ன எண் என்று பார் என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு முழு முறையும் புரிந்துவிட்டது. யோசித்தால் கிரிக்கெட்டிலும் எதிர்முனையில் நிற்பவர் ரன் அவுட்டானால் அவர் பெயரில்தானே எழுதுகிறோம்? தெரிந்ததையே இங்கே மறந்திருக்கிறேன்.

படி 6: இன்னிங்ஸ் முடிந்ததும்

கடைசி அவுட்டானவர் கட்டத்தின் கீழ் வலது மூலையில் ஒரு சாய்கோடு போடுங்கள். அடுத்த இன்னிங்ஸ் அதற்கு அடுத்த பேட்டரிலிருந்துதான் தொடங்கும், மேலே முதலாமவரிலிருந்து அல்ல.

பிறகு ஒரு கூட்டல். அந்த இன்னிங்ஸில் பேட்டிங் செய்ய வந்தவர்கள் எண்ணிக்கை = ரன் + அவுட் + பேஸில் மிச்சம் நின்றவர்கள். மேலே பார்த்ததில் வந்தவர்கள் 5. ரன் 1, அவுட் 3, இரண்டாம் பேஸில் நின்றுபோனவர் 1. சரியாக வருகிறது. ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் இதைச் செய்தால் விட்டுப்போன ஆள் உடனே தெரிந்துவிடுவார்.

ஆனால் படி 5இல் நான் செய்த தவறை இந்தக் கூட்டல் காட்டாது. ஆள் மாறினாலும் எண்ணிக்கை 5ஆகவே வரும். அதற்குச் சட்டை எண்ணைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஃபென்வேயில் பச்சைச் சுவரின் அடியில் ஒரு ஸ்கோர் பலகை இருக்கிறது. சுவருக்குப் பின்னால் ஆட்கள் இருந்து எண் தகடுகளைக் கையால் மாற்றுகிறார்கள். ஒரு இன்னிங்ஸ் முடிந்து அங்கே புதுத் தகடு ஏறும்போது என் அட்டையிலும் அதே எண் இருப்பதைப் பார்ப்பது, சொன்னால் புரியாத ஒரு நிறைவு. வேறெந்த மைதானத்திலும் எனக்கு அது கிடைத்ததில்லை.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. 2023 முதல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள்: பேஸ் காலியாக இருந்தால் 15 விநாடிக்குள் எறியத் தொடங்க வேண்டும். எனவே ஒவ்வொரு பந்தையும் குறிக்க முயலாதீர்கள். ஒரு பேட்டரின் முறை முடிந்ததும் ஒரே தடவை எழுதுங்கள். சாப்பாட்டுக்கு எழுந்து போவதானால் இன்னிங்ஸ் இடைவேளையில் போய், வரிசை நீளமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். விட்டதைப் பக்கத்தில் எழுதுகிறவரிடம் கேளுங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. தாளைத் திருப்பியே காட்டுவார்கள்.

பின்சேர்க்கை 1: ஒரே இன்னிங்ஸில் ஒன்பது பேரும் ஆடி, முதலில் ஆடியவர் மறுபடி வந்துவிட்டால் எங்கே எழுதுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். அடுத்த பத்தியில், அதாவது அடுத்த இன்னிங்ஸுக்கான செங்குத்து வரிசையில், எழுதுங்கள். அந்தப் பத்தியின் தலையில் இருக்கும் இன்னிங்ஸ் எண்ணை அடித்து, பழைய எண்ணையே போடுங்கள். அதற்குப் பிறகுள்ள பத்திகளின் எண்ணையும் ஒவ்வொன்றாகத் தள்ளி மாற்ற வேண்டும்.

பின்சேர்க்கை 2: ஒரு இன்னிங்ஸில் நான்கு கே வந்துவிட்டது, தவறா என்று கேட்டவருக்கு: தவறில்லை. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்காமல் விட்டால், முதல் பேஸ் காலியாக இருந்தாலோ ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ பேட்டர் ஓடலாம். போய்ச் சேர்ந்துவிட்டால் கே எழுதிவிட்டு முதல் பேஸுக்குக் கோடும் போடுங்கள். அவுட் எண் போடக் கூடாது.

பின்சேர்க்கை 3: பத்தாவது இன்னிங்ஸில் கூட்டல் இடிக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் இடித்தது. ஒன்பதில் சமநிலை என்றால் பத்தாவதிலிருந்து ஒவ்வொரு முறையும் இரண்டாம் பேஸில் ஒருவரை நிறுத்தித் தொடங்குகிறார்கள். 2020இல் தற்காலிகமாக வந்து 2023இல் நிரந்தரமான விதி இது. நிற்பவர், அந்த இன்னிங்ஸில் முதலில் ஆட வேண்டியவருக்கு வரிசையில் முந்தையவர். அவர் கட்டத்தில் இரண்டாம் பேஸில் ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து கோட்டைத் தொடங்குங்கள். அவர் பேட்டிங் செய்யாமலே வந்தவர் என்பதால் வந்தவர்கள் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். கணக்கு நேராகிவிடும்.