கற்பூரம் அணைந்த பிறகு வருகிறவன்

அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் 2021-ல் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். அந்த ஆசையில்தான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சிலம்பக் களத்தில் சேர்ந்தேன். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். அங்கே முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டி, திருநீறு இட்டு, தரையைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் கம்பை எடுப்பார்கள். எனக்கு உறுத்தியது, சொல்லவும் கூச்சம். தினமும் பத்து நிமிடம் தாமதமாகவே போனேன். காலடிப் பாடத்தின் தொடக்கம் அதில் போய்விடும். கை சுழலும், கால் பின்னும். ஒருநாள் நெற்றி உயரக் கம்பு என் முழங்காலையே பதம் பார்த்தது.

"ஏனுங்க தம்பி, கற்பூரம் அணைஞ்சாத்தான் உங்க வண்டி கிளம்புமுங்களா?" என்றார் ஆசான்.

சரி, இனி மறைப்பானேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"படத்தைக் கும்பிடறது அவங்கவங்க இஷ்டமுங்க. ஆனா மண்ணைத் தொடாம கம்பெடுக்காதீங்க. கல்லு கெடக்குதா, ஈரமா இருக்குதான்னு கைக்குத்தானே தெரியும்?"

எங்கள் பாட்டியும் சோளக்காட்டில் இறங்குமுன் மண்ணைத் தொடுவார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனவர்தான். மனசு லேசானது.

இப்போது நேரத்துக்கே போகிறேன். திருநீறு வைப்பதில்லை. ஓரமாக நின்று மனதுக்குள் பரமண்டல ஜெபம் சொல்கிறேன். அது முடிவதும் கற்பூரம் அணைவதும் ஏறக்குறைய ஒரே நேரம். அப்புறம் மண்ணைத் தொட்டுக் கம்பை எடுக்கிறேன். ஆயுத பூஜையன்று கம்புக்குப் பொட்டு வைப்பது மற்றவர்கள் வேலை. முந்தின நாள் துடைத்து நல்லெண்ணெய் பூசுவது என் வேலை. போன வருடம் 32 கம்பு, ஒரு பாட்டில் எண்ணெய் பத்தவில்லை.