அண்டார்டிகா செல்லும் சிறு கப்பலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்டார்டிகாவுக்குச் செல்லும் சிறு பயணக் கப்பல்களில் வழிகாட்டியாகப் பணியாற்றுகிறேன். புதிதாக வருபவர்கள் பருவந்தோறும் அதே தவறுகளைச் செய்வதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். குளிராடை, கூடுதல் பேட்டரி போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேல்தளத்து முன்பக்க அறை

பணத்தையும் பயணத்தையும் ஒருசேரக் கெடுக்கும் தவறு இது. இன்றும் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. கூடுதல் பணம் கட்டி, மிக உயரமான தளத்தில், கப்பலின் முகப்பை ஒட்டிய அறையைப் பெரிய சன்னலுக்காகவே பதிவு செய்கிறார்கள். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உசுவாயாவில் ஏறிய மாலை, பீகிள் கால்வாயின் அமைதியான நீரில் செல்லும் வரை அந்த அறையில் குறை எதுவும் தெரியாது. அதன்பின் டிரேக் நீரிணை தொடங்குகிறது. தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனைக்கும் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கும் இடையே சுமார் 800 கி.மீ. திறந்த கடல், கடக்க ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். எதிர் அலையில் கப்பல் சீசா பலகையைப் போல முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை, முனைகள்தான் பல மீட்டர் எழுந்து விழுகின்றன; பக்கவாட்டு ஆட்டமோ உயரம் கூடக் கூடப் பெரிதாகிறது. கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் நீளும், மீனின் துடுப்பு போன்ற தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும்; முகப்பு எழுந்து விழுவதை அவற்றால் தடுக்க முடியாது.

அப்படியோர் அறையில் தங்கிய தம்பதியர், மேசை இழுப்பறைகள் தாமாகத் திறந்து அறைந்துகொண்டே இருந்த முதல் இரவுக்குப் பின், தலையணையோடு கீழ்த்தளக் கூடத்துச் சோபாவுக்கு இறங்கி வந்துவிட்டனர். சிறு கப்பலில் காலி அறை அரிது. எங்களால் மாற்றிக் கொடுக்க முடியவில்லை. அதே நாள்களில், கீழ்த்தளத்தின் நடுவே குறைந்த விலை அறையில் இருந்த முதியவர் ஒரு வேளைச் சாப்பாட்டையும் தவறவிடவில்லை. அவருடைய அறைக்கு வட்டச் சன்னல் மட்டுமே உண்டு, கடல் சீறினால் அதையும் இரும்பு மூடியால் அடைத்துவிடுவோம் என்பது உண்மைதான். ஆனால் திமிங்கிலம் தென்பட்டதாக அறிவிப்பு வந்தால், எந்த அறைக்காரரும் சன்னலருகே நிற்பதில்லை. எல்லோரும் திறந்த தளத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அந்தக் காட்சிக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

மாத்திரையைத் தள்ளிப்போடுதல்

வாந்தி தொடங்கிய பின் விழுங்கும் கடல் மயக்க மாத்திரை வயிற்றில் தங்காது. கால்வாயில் இருக்கும்போதே கப்பல் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

பயணிகளின் எண்ணிக்கையைக் கேளாமை

அண்டார்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. 180 பேர் உள்ள கப்பலில் முறை வைத்துத்தான் இறங்க வேண்டியிருக்கும். கப்பலில் நீராவிக் குளியல் உண்டா என்று விசாரிப்பவர்கள், கரையில் கிடைக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் இந்த எண்ணை விசாரிப்பதில்லை.

வெல்க்ரோ பட்டைகள்

அயல் விதைகள் அண்டார்டிகாவில் பரவிவிடக் கூடாது என்பதால், ஆடையிலும் பையிலும் உள்ள இந்த ஒட்டுப் பட்டைகளில் சிக்கிய புல்விதைகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும் வரை கரைக்குச் செல்லும் ரப்பர் படகில் ஏற விடமாட்டோம். வீட்டிலேயே சுத்தம் செய்துவிடுங்கள்.

கதவுச் சட்டத்தைப் பிடித்தல்

கப்பல் ஆடும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடியுங்கள். கனத்த கதவு விரலை நசுக்கிவிடும்.