களப்பணிக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோதல் நடக்கும் பகுதிகளில் மக்கள் அமைப்புகளோடு வேலை செய்யப் புது ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தடுப்பூசி, பாஸ்போர்ட் நகல், சாட்டிலைட் போன் எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வருகைப் பதிவேடு

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சோதனைச்சாவடியில் பணம் பிடுங்குவதைப் பற்றிப் பேச ஒரு பெண்கள் கூட்டம். வாசலிலேயே ஓர் இளைஞர் தாளை நீட்டினார்: பெயர், ஊர், போன் நம்பர், கையெழுத்து. எழுதத் தெரியாதவர்களிடம் கைநாட்டு. பயணப்படிக்குக் கணக்கு காட்ட வேண்டுமாம். மாலையில் அதே சாவடி வழியாகத்தான் அந்தத் தாள் அவர் பையில் திரும்பிப் போக வேண்டும். பையைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “கணக்குத் தாள்தானே சார்” என்றார். தன்மேல் புகார் சொன்னவர்கள் யார் யார் என்று சாவடிக்காரன் தெரிந்துகொள்ள அந்த ஒரு தாள் போதும்.

பெரிய நிறுவனங்களிலும் இது நடக்கிறது. வங்கதேச முகாம்களில் ரோஹிங்கியா அகதிகளின் விவரங்களை, உதவி பெறுவதற்கான அட்டைக்காக ஐ.நா. அகதிகள் முகமை பதிவு செய்தது. அப்புறம் வங்கதேச அரசு குறைந்தது 8,30,000 பேரின் விவரங்களை, அவர்கள் யாருக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அந்த மியான்மர் அரசுக்கே அனுப்பியது. 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு இதை வெளியிட்டது. அது பேட்டி கண்டவர்களில் பெரும்பாலோர், தங்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்றார்கள். சம்மதக் கட்டம் இருந்த ரசீது ஆங்கிலத்தில் இருந்தது. கேட்டுத்தான் செய்தோம் என்கிறது முகமை. உதவி அட்டையையும் சம்மதத்தையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்டால், பசியோடு நிற்பவர் எப்படி மாட்டேன் என்பார்?

பூட்டி வைத்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவிடமிருந்தே 5,15,000க்கும் மேற்பட்டோரின் தகவல்கள் திருடப்பட்டன.

அதனால் பெயர்களை எழுதவே எழுதாதீர்கள். கணக்குத் தாளில் எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு தொகை, பணத்தை வழங்கிய இரண்டு ஊழியர்களின் கையெழுத்து, இவை மட்டும் இருக்கட்டும். இது போதுமா என்று ஒப்பந்தம் போடும்போதே நிதி தருபவரிடம் பேசிவிடுங்கள். கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள், கேட்கத்தான் ஆளில்லை. குழுப் படமும் வேண்டாம்.

ராணுவ வண்டியில் போய் இறங்குவது

நடந்தாவது போங்கள். இல்லாவிட்டால் ராணுவத்தின் ஆள் என்றே ஊர் நினைக்கும்.

அதிகாரியிடம் ‘சும்மா’ பேசுவது

கிராமத்தில் கேட்டதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் தேநீர்ப் பேச்சாகச் சொல்லிவிடுகிறார்கள். உதவி செய்ய வந்தவர் உளவாளி என்ற சந்தேகம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பின்லேடனைத் தேடிய அமெரிக்க உளவு அமைப்பு சிஐஏ, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் தடுப்பூசி முகாமைப் போர்வையாகப் பயன்படுத்தியது 2011இல் வெளியே வந்தது. மறுவருடம் வஜீரிஸ்தானில் தாலிபான்கள் போலியோ தடுப்பூசியைத் தடை செய்தார்கள். டிசம்பரில் போலியோ பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த உளவு வேலைக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நிதிச் சட்டத்தைக் கடைசியில் படிப்பது

முதலில் படியுங்கள். மனித உரிமை வேலை செய்யும் அமைப்புகள் 10 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டு நிதி பெறக்கூடாது என்று எத்தியோப்பியா 2009இல் சட்டம் போட்டது. பத்தாண்டுக்குப் பிறகுதான் அது மாறியது.

குடிமைச் சமூகம் என்றால் என்ஜிஓ மட்டும் என்று நினைப்பது

அரசையும் ராணுவத்தையும் சேராத மக்கள் அமைப்புகள் எல்லாமே குடிமைச் சமூகம்தான், தொண்டு நிறுவனங்கள் (என்ஜிஓ) அதில் ஒரு பகுதி. துனிசியாவில் 2013இல் ஆட்சி நெருக்கடியைப் பேசித் தீர்த்தவர்கள் தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், வழக்கறிஞர் சங்கம், மனித உரிமை அமைப்பு ஆகிய நால்வர். 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். லைபீரியாவில் சந்தைப் பெண்கள் உட்படப் பல பெண்கள் வெள்ளைச் சட்டையோடு தெருவில் உட்கார்ந்து, 2003இல் போர்த் தரப்புகளைப் பேச்சுவார்த்தைக்குத் தள்ளினார்கள். புது ஊரில் பெயர்ப்பலகை வைத்த அலுவலகங்களோடு நிறுத்தாமல், சங்கங்களுக்கும் சந்தைக்கும் போய்ப் பேசுங்கள்.