ஏலியாஸில் ஹோஸ்ட்நேம் போட்டும் ரூல் பிடிக்கவில்லையா? முதலில் டேபிளைப் பாருங்கள்

பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலில் ஏலியாஸ் (முகவரிப் பட்டியலுக்கு வைக்கும் பெயர்) உருவாக்கி, ஐபிக்குப் பதில் ஹோஸ்ட்நேம் (தளத்தின் அல்லது கணினியின் பெயர்) கொடுத்து, ரூலும் எழுதியாயிற்று. ஆனால் தடுக்க வேண்டிய டிராஃபிக் ஜாலியாகப் போய்க்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் விட வேண்டியது போகமாட்டேன் என்கிறது. உடனே ரூலை மேலும் கீழும் இழுத்துப் பார்க்காதீர்கள், நான் ஒரு முறை அப்படி அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

ஃபயர்வால் பாக்கெட்டில் பார்ப்பது ஐபியை மட்டும்தான், பெயரை அல்ல. ஃபில்டர்டிஎன்எஸ் என்று ஒரு புரோகிராம் பின்னணியில் ஓடி, ஏலியாஸில் உள்ள பெயர்களை 300 விநாடிக்கு ஒருமுறை (மாற்றாமல் விட்டிருந்தால்) டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி சொல்லும் சேவை) கேட்டு, வரும் ஐபிகளை ஒரு டேபிளில் போட்டு வைக்கும். ரூல் ஒப்பிடுவது அந்த டேபிளோடுதான். அதனால் டயக்னாஸ்டிக்ஸ் மெனுவில் டேபிள்ஸைத் திறந்து உங்கள் ஏலியாஸைத் தேர்ந்தெடுங்கள்.

காலியாக இருக்கிறதா? ஃபயர்வாலுக்கே அந்தப் பெயர் ரிசால்வ் ஆகவில்லை, அதாவது அதற்கு ஐபி கிடைக்கவில்லை. அதே மெனுவில் உள்ள டிஎன்எஸ் லுக்அப்பில் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், எந்த சர்வர் பதில் தருகிறது என்று தெரிந்துவிடும். ஆபீசுக்குள் மட்டும் இருக்கும் பெயர் என்றால் ஜெனரல் செட்டப்பில் லோக்கல் டிஎன்எஸ்ஸை ஒதுக்கிவிட்டு வெளி சர்வரை மட்டும் கேட்கும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லா சப்டொமைனையும் அள்ளிவிடலாம் என்ற ஆசையும் இங்கே வேண்டாம், டிஎன்எஸ்ஸிடம் அப்படிக் கேட்கவே முடியாது. இன்னொன்று, காலி டேபிளை வைத்து எழுதிய பிளாக் ரூல் எதையும் தடுக்காது, எர்ரரும் காட்டாது.

டேபிளில் ஐபி இருந்தும் வேலை செய்யவில்லையா? பெரும்பாலும் கதை இதுதான்: பயனரின் கணினிக்குக் கிடைத்த ஐபி வேறு, ஃபயர்வாலுக்குக் கிடைத்தது வேறு. சிடிஎன் (ஒரே தளத்தைப் பல இடங்களில் உள்ள சர்வர்களிலிருந்து தரும் அமைப்பு) பின்னால் இருக்கும் தளங்கள் கேட்பவரைப் பொறுத்தும் நேரத்தைப் பொறுத்தும் வேறு வேறு ஐபி தரும். கணினியில் என்எஸ்லுக்அப் கட்டளையை அடித்து டேபிளோடு ஒப்பிடுங்கள், ஐபிவி6 முகவரியையும் விட்டுவிடாமல். பொருந்தவில்லை என்றால் கணினிகளும் ஃபயர்வாலும் ஒரே ரிசால்வரை, அதாவது ஒரே டிஎன்எஸ் சர்வரை, கேட்கும்படி செய்யுங்கள். பிரவுசர் தன்பாட்டுக்கு டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் (டிஎன்எஸ் கேள்வியை மறையாக்கம் செய்து அனுப்பும் முறை) போட்டுக்கொண்டு வெளியே கேட்டால் அதையும் நிறுத்த வேண்டும். அப்படியும் டிடிஎல் (டிஎன்எஸ் பதில் செல்லும் கால அளவு) 60 விநாடி உள்ள பெயரை 300 விநாடிக்கு ஒருமுறை கேட்டால் டேபிள் பின்தங்கத்தான் செய்யும். அட்வான்ஸ்டு பக்கத்தில் ஃபயர்வால் அண்ட் நாட் என்ற டேப்பில் அந்த இடைவெளியைக் குறைக்கலாம். யூடியூப் மாதிரி பெரிய தளங்களுக்கு மட்டும் இந்த வழியே வேண்டாம், மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது. டிஎன்எஸ் மட்டத்திலேயே தடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பழைய டிராஃபிக் ஓடினால், ஏற்கெனவே திறந்திருக்கும் ஸ்டேட்தான் (ஃபயர்வால் அனுமதித்து நினைவில் வைத்திருக்கும் இணைப்பு) காரணம். புது ரூல் அதைத் தொடாது. டயக்னாஸ்டிக்ஸில் ஸ்டேட்ஸுக்குப் போய் அந்த ஐபியைத் தேடி அழித்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.