லயத்து வாசலில் ஸ்டடி கிளாஸ்: ஓட்டுப் போட்டே சோசலிசம் வருமா?

கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 வருஷம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஆறு வருஷமாக எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டடி கிளாஸ் நடத்துகிறேன். பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, "நாங்களும் நடத்தணும் சித்தி, இந்த ஒரு கேள்வியை மட்டும் எப்படி நடத்துறதுன்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். முதலாளிமுறையை ஓட்டாலும் சட்டத்தாலும் திருத்தித் திருத்தியே சோசலிசத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்பதுதான் அந்தக் கேள்வி.

நாலு ஞாயிறு ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் இரண்டு பேர் கத்துவார்கள், மற்றவர்கள் எழுந்து விறகுக்குப் போய்விடுவார்கள். நாலரை மணிக்கு மேல் கூப்பிடுங்கள். தண்ணி பிடித்து முடித்திருப்பார்கள். கட்டஞ்சாயாவை, பால் இல்லாத டீயை, ஆண்கள் போடட்டும். பெண்கள் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தால் பேச்சு பாதிதான் காதில் விழும். கொழுந்து எடுப்பது அவர்கள் கை, அதனால் கேள்வியும் அவர்களுடையது.

பேச்சைத் தொடங்கும் முன் சோசலிசம் என்றால் என்ன என்று எல்லாரிடமும் கேளுங்கள். ரேஷன் அரிசி, பென்ஷன், இலவச ஆஸ்பத்திரி என்பார்கள். தாழ்த்திப் பேசாதீர்கள், நமக்கு அது உயிர். ஆனால் அது நமக்கு வந்து சேரும் பங்கு. இங்கே நாம் பேசப்போவது, நிலமும் ஃபேக்டரியும் யார் கையில் இருக்கின்றன, லாபத்தை என்ன செய்வதென்று யார் முடிவெடுக்கிறார்கள் என்பது. இந்த வித்தியாசம் புரியாமல் அடுத்த ஞாயிறுக்குப் போகாதீர்கள்.

முதல் கிளாஸுக்குப் புத்தகம் வேண்டாம். சம்பளச் சீட்டு போதும். ஒரு சீட்டை நடுவில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவராக இருந்தாலும் சரி, ஒருவர் சத்தமாக ஒவ்வொரு வரியாகப் படிக்கட்டும். வரிக்கு வரி "இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். பி.எஃப். பிடித்தம் 1952 சட்டத்தில் வந்தது. போனஸ் 1965 சட்டத்தில் வந்தது, வருஷச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், மேலே போனால் 20. சீட்டில் இல்லாததையும் கேளுங்கள். லயம், டிஸ்பென்சரி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கிரஷ் எல்லாம் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் வந்தவை. பிரசவ லீவு 1961. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கு, கேரளத்தில் 1970-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியா முழுக்க வந்தது 1972-ல்தான். திருத்தத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவரை இந்த இடத்தில் நிறுத்தி, இந்த வரிகளையெல்லாம் அடித்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதன்பிறகு நான் எங்கள் அம்மாவின் கதையைச் சொல்வேன். நீங்கள் உங்கள் லயத்துக் கதை ஒன்றைச் சொல்லுங்கள், இல்லாமல் இருக்காது. அம்மா 36 வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றாள். அதற்குள் தேயிலை விலை விழுந்து, முதலாளி ஃபேக்டரியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். கிராஜுவிட்டி கைக்கு வரும்வரை லயத்தைக் காலி செய்யாதே என்று யூனியனில் சொன்னார்கள். காலி செய்தால் பிடித்துக்கொள்ள ஒரு பிடியும் இல்லை. சர்வீஸ் பேப்பரை உரக் கவரில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். ஓணம் வந்தால் பிரிப்பாள், முத்திரை அழியவில்லையே என்று விரலால் தடவிப் பார்ப்பாள், மறுபடி மடித்து வைப்பாள். 11-ஆம் வருஷம் பாதிப் பணம் வந்தது. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது நாங்கள். சட்டம் இருந்தது, தீர்ப்பும் எங்கள் பக்கம்தான் இருந்தது. ஃபேக்டரிச் சாவி மட்டும் இன்னொருவர் பாக்கெட்டில் இருந்தது. அந்தச் சாவியைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இருட்டிவிடும், கிளாஸை அங்கேயே நிறுத்துங்கள். வாரம் முழுக்க மலையில் அதையே பேசுவார்கள்.

இரண்டாம் ஞாயிறு 1957. அந்த வருஷம் கேரளச் சட்டசபைத் தேர்தலில் 126 இடங்களில் கம்யூனிஸ்டுகள் 60 ஜெயித்து, சுயேச்சைகள் ஐந்து பேர் ஆதரவோடு ஆட்சிக்கு வந்தார்கள். அப்போது ஒவ்வொரு இடமும் பொன். அதனால்தான் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலுக்குப் பண்ணைப்புரத்துக் கம்யூனிஸ்ட் பாட்டுக்காரர் பாவலர் வரதராசன் மலையேறி வந்து தமிழில் பாடினார். தம்பி ராசையாவும் கூட வந்தார், பிற்பாடு இளையராஜா ஆனவர். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். வயசாளிகள் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையை வரைந்தபோது நம்மை யாரும் கேட்கவில்லை என்ற மனக்குறை உள்ளவர்கள் அவர்கள். ஒரு மந்திரிசபையே நம் தமிழ் ஓட்டை எதிர்பார்த்து நின்றது என்று தெரிய வேண்டும்.

1957 ஏப்ரல் 5-ல் ஈ.எம்.எஸ். முதலமைச்சராகப் பதவியேற்றார். ஆறே நாளில் குடியானவனை நிலத்தைவிட்டு இறக்கக்கூடாதென்று அவசரச் சட்டம் வந்தது. 1959 ஜூனில் நிலச் சட்டம் சபையில் நிறைவேறியது. ஜூலை 31-ல் ஆட்சியையே டெல்லி கலைத்தது. இங்கே வாசலை இரண்டாகப் பிரித்து உட்கார வையுங்கள். ஓட்டே போதும் என்று நம்புகிறவரை, போதாது என்ற பக்கத்துக்காகப் பேசச் சொல்லுங்கள்; மற்றவரை, போதும் என்ற பக்கத்துக்கு. முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், பத்து நிமிஷத்தில் சூடு பிடிக்கும். கலைத்ததோடு கதையை முடிக்க விடாதீர்கள். அதே நிலச் சட்டம் வேறு உருவில், 1970 ஜனவரி 1 முதல், அச்சுத மேனன் ஆட்சியில் அமலுக்கு வந்தது. ஜென்மி முறை, அதாவது பெரிய நிலக்கிழார் முறை, ஒழிந்தது. வேறு எங்கும் ஓட்டு இவ்வளவு நிலத்தைக் கை மாற்றியதில்லை என்று யாராவது பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதன்பிறகு நீங்கள் தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர் எல்லாம் நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. சமவெளியில் குத்தகைக்காரன் நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆனான். நாம் லயத்தில்தான் இருந்தோம்.

மூன்றாம் ஞாயிறு வெளிநாடு. ரொம்ப இழுக்காதீர்கள், ஊர் பேர் மனசில் நிற்காது. 1890-களின் கடைசியில் ஜெர்மனியில் சோசலிஸ்டுகளுக்குள்ளேயே பெர்ன்ஸ்டைன் திருத்தமே போதும் என்றார், ரோசா லக்சம்பர்க் மறுத்தார். ரோசா சீர்திருத்தத்தையே வேண்டாம் என்றதாக யாராவது சொன்னால் திருத்துங்கள். அதற்காகப் போராட வேண்டும், ஆனால் அதுவே போய்ச் சேரும் இடமில்லை என்றார். பிறகு சிலி. 1970-ல் சோசலிஸ்ட் அயெந்தே ஜனாதிபதித் தேர்தலில் 36.6 சதவீத ஓட்டில் ஜெயித்தார். அடுத்த வருஷம் செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கினார், எதிர்க்கட்சிகளும் சேர்ந்தே ஓட்டுப் போட்டன. 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வண்டியை நிறுத்தினார்கள். இதை நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். கொழுந்து லாரி ஒரு மணி நேரம் தவறினால் சாக்குக்குள் இலை சூடாகிச் சிவப்பது எல்லாருக்கும் தெரியும். 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அயெந்தே உயிரோடு இல்லை.

ஸ்வீடனை மூணாறோடு சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே மெய்ட்னர் என்ற தொழிற்சங்கப் பொருளாதார நிபுணர், பெரிய கம்பெனிகள் வருஷா வருஷம் லாபத்தில் 20 சதவீதத்தைப் புதுப் பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்குக் கொடுக்கவேண்டும் என்று திட்டம் போட்டார். வருஷம் போகப் போக கம்பெனியே தொழிலாளர் கைக்கு வந்துவிடும். 1983-ல் முதலாளிகளே ஸ்டாக்ஹோம் தெருவில் ஊர்வலம் போனார்கள். நீர்த்துப்போன சட்டம்தான் வந்தது, 1990-களின் தொடக்கத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். மூணாறில் 2005-ல் ஒரு பெரிய தோட்டக் கம்பெனியின் பங்குகளில் பெரும்பகுதி வேலைக்காரர்கள் பேருக்கே வந்தது. 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதம்தான் என்றபோது, அந்தப் பங்குக்காரப் பெண்களே ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். யூனியன் தலைவர்களைக் கிட்டே விடவில்லை. பெம்பிளை ஒருமை, பெண்கள் ஒற்றுமை, என்பது அவர்கள் கூட்டத்தின் பேர். போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கினார்கள். கையில் பங்குப் பத்திரம் இருக்கிறதே, பிறகு ஏன் ரோட்டுக்கு வந்தார்கள்? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கள் லயத்தில் பேசியே இராத ஒரு அக்கா சொன்னாள்: "பங்கு நம்ம பேருல, மஸ்டர் புக்கு அவுக கையில." மஸ்டர் என்பது யார் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதும் நோட்டு.

கடைசி ஞாயிறுக்கு முன்னால் ஒரு வேலை கொடுங்கள். எல்லாரும் கிராமசபைக்குப் போகவேண்டும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை கூடியே ஆகவேண்டும், வார்டு ஓட்டர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கணக்கு. நாங்கள் போய் லயத்து ஓடு மாற்றக் கேட்டோம். "அது கம்பெனி ஸ்தலம், பஞ்சாயத்துக் காசு இறக்க முடியாது" என்றார்கள். எங்கள் ஓட்டு எஸ்டேட் கேட் வரைக்கும்தான் செல்லும் என்று அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கியது. எங்கே நிற்கிறதென்று தெரிந்தால்தான் அங்கிருந்து தள்ள முடியும்.

உங்கள் கருத்தை இந்தக் கடைசி நாளில் சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். என்னுடையது இது. ஓட்டால் வரும் என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒவ்வொரு சட்டமும் கூலியைக் கூட்டுவதோடு நிற்காமல் ஒரு முடிவையாவது நம் கைக்கு மாற்றவேண்டும்: லயம் யாருடையது, மஸ்டர் யார் எழுதுவது, ஃபேக்டரி பூட்டினால் சாவி யாருக்கு. மந்திரிசபையைக் கலைத்தாலும் கலையாத கூட்டம் ஒன்று ஒவ்வொரு லயத்திலும் இருக்கவேண்டும். சிலியை எடுத்துக்காட்டி, அதெல்லாம் போதாது என்று ஒரு தம்பி ஒவ்வொரு முறையும் என்னோடு சண்டை போடுவான். அவனைப் பேசவிடுங்கள். அவன் பயம் நியாயமானது.

யார் என்ன கேட்டார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பதில் வேண்டாம், கேள்வி போதும். நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். இடவப்பாதி மழை தொடங்கினால் ஓடு ஒழுகும்.